தாத்தாவின் துப்பாக்கிச் சீட்டு

கடலை பிடுங்க இன்னும் பத்து நாள் இருக்கும்போது காட்டுப்பன்னி இறங்கினால் என்ன ஆகும் என்று நகரத்தில் இருக்கிறவர்களுக்குச் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம். பன்னி தின்றுவிட்டுப் போனால்கூடப் பரவாயில்லை. அது உழுதுவிட்டுப் போகும். ஒரு கூட்டம் ஒரே ராத்திரியில் இருபது சென்ட்டைப் புரட்டிப் போட்டுவிடும். காலையில் போய்ப் பார்த்தால் செடி வேரோடு மல்லாந்து கிடக்கும், பிஞ்சுக் கடலை மண்ணில் நசுங்கிக் கிடக்கும்.

இந்த வருஷம் எனக்கு அப்படித்தான் ஆச்சு. சென்னையில் இருக்கும் நண்பரிடம் போனில் புலம்பியபோது அவர் ரொம்ப சாதாரணமாகக் கேட்டார்: "உங்க வீட்லதான் துப்பாக்கி இருக்கே, சுட வேண்டியதுதானே?"

ஒரு வரிக் கேள்விதான். ஆனால் இதுக்குப் பதில் சொல்லணும்னா இருநூறு வருஷம் பின்னாடி போகணும். போய்த்தான் பார்ப்போமே.

எங்கள் ஊர் மதுரைக்கு மேற்கே, நாகமலை முடிஞ்சு உசிலம்பட்டிப் பக்கம் போகிற வழியில் இருக்கு. வீட்டு மச்சில் ஒரு தகரப்பெட்டி. பத்திரம், பட்டா, கிஸ்து ரசீது எல்லாம் அதில்தான். எல்லாவற்றுக்கும் அடியில், மஞ்சள் துணியில் சுற்றி ஒரு சின்னப் புத்தகம். தாத்தாவின் துப்பாக்கி லைசென்ஸ். 1963-ல் கொடுத்தது. 'பயிர்ப் பாதுகாப்பு' என்று மையால் எழுதியிருக்கும். ஒத்தைக்குழல், வாய்வழியாக மருந்து கெட்டிக்கிற நாட்டுத் துப்பாக்கி.

தாத்தா அந்தத் துப்பாக்கியை எண்ணெய் போட்டுத் துடைத்ததைவிட அந்தப் புத்தகத்தைத் துடைத்ததுதான் அதிகம் என்று அப்பா சொல்வார். ஒரு காகிதத்துக்கு ஏன் இவ்வளவு மரியாதை என்று சின்ன வயசில் எனக்குப் புரிந்ததில்லை.

1801-ல் இருந்து ஆரம்பிக்கணும். அதுவரைக்கும் நம்ம தெற்குச் சீமையில் ஆயுதம் என்பது வீட்டுச் சாமான் மாதிரி. பாளையக்காரர்கள் காலத்தில் ஊர்க்காவல் பார்க்கிறவன் கையில் ஈட்டி, வளரி, சில பேரிடம் திரி வைத்துச் சுடுகிற துப்பாக்கி. கும்பினிப் படை அதிகாரியாக இருந்த ஜேம்ஸ் வெல்ஷ், ஈட்டி எறியவும் வளரி வீசவும் தனக்குக் கற்றுக் கொடுத்தது சின்ன மருதுதான் என்று தன் நினைவுக் குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். அதே வெல்ஷ்தான் பிறகு மருதிருவரை எதிர்த்த படையிலும் இருந்தார். 1801 அக்டோபர் 24-ல் திருப்பத்தூரில் மருது சகோதரர்களைத் தூக்கிலிட்டார்கள். அடுத்த மாசம் பாஞ்சாலங்குறிச்சியில் ஊமைத்துரையை.

அதுக்கு அப்புறம் வந்ததுதான் முக்கியம். 1801 டிசம்பர் 1-ஆம் தேதி சென்னை கவர்னர் எட்வர்ட் கிளைவ் ஒரு பிரகடனம் போட்டார். பாளையங்களின் கோட்டைகள் இடிக்கப்படும், ஜனங்கள் ஆயுதத்தை ஒப்படைக்கணும், இனிமேல் காவலும் பாதுகாப்பும் கும்பினியின் பொறுப்பு. சுருக்கமாகச் சொன்னால், 'உன்னை நான் பார்த்துக்கிறேன், ஆயுதத்தைக் கீழே போடு.' ஜப்பானில் 1588-ல் ஹிதேயோஷி விவசாயிகளிடமிருந்து வாளைப் பிடுங்கியதும் இதே கணக்குதான். சண்டையில் ஜெயித்தவன் முதலில் செய்கிற வேலை, தோற்றவன் வீட்டுப் பரணைச் சோதிப்பது.

சரி, காவலை வாங்கிக்கிட்டவன் காவல் காத்தானா? அதுதான் இல்லை. மதுரை மேற்கே காவல் முறை உள்ளுக்குள்ளே தொடர்ந்துகொண்டுதான் இருந்தது. ஆடுமாடும் வெள்ளாமையும் திருடு போகாமல் பார்க்க ஊருக்கு ஊர் காவல்காரன், அவனுக்குக் காவல் கூலி. கம்பெனிக்கும் பிறகு வந்த சர்க்காருக்கும் அது கண்ணை உறுத்தியது. காவல்காரனைத் திருடன் என்று எழுதத் தொடங்கினார்கள்.

இன்னொரு பக்கம் 1857 நடந்து முடிந்திருந்தது. 1878-ல் வைஸ்ராய் லிட்டன் காலத்தில் இந்திய ஆயுதச் சட்டம் வந்தது. லைசென்ஸ் இல்லாமல் யாரும் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது. ஆனால் 'யாரும்' என்றால் இந்தியர்கள் என்று அர்த்தம். ஐரோப்பியர்களுக்கு விலக்கு. கொடைக்கானலுக்கு வேட்டைக்குப் போகிற துரைக்குச் சீட்டு வேண்டாம், கம்பங்கொல்லையில் பன்னி விரட்டுகிறவனுக்குச் சீட்டு வேணும்.

இந்த அவமானம் அந்தக் காலத்துப் படித்தவர்களையும் சுட்டது. 1887-ல் சென்னையில் கூடிய காங்கிரஸ் மாநாட்டிலேயே ஆயுதச் சட்டத்தைத் திருத்தணும் என்று தீர்மானம் போட்டார்கள். காங்கிரஸ் தொடங்கி அது மூணாவது மாநாடுதான். அகிம்சையே மூச்சு என்று நாம் நினைக்கிற காந்திகூட 1930 ஜனவரியில் வைஸ்ராய்க்கு முன் வைத்த பதினொரு கோரிக்கைகளில் ஒன்றாக, தற்காப்புக்குத் துப்பாக்கி லைசென்ஸ் கொடுக்கணும், அந்த அதிகாரம் ஜனங்களின் கட்டுப்பாட்டில் இருக்கணும் என்று கேட்டார். உப்பு வரி நமக்கு ஞாபகம் இருக்கு, அதே பட்டியலில் இருந்த துப்பாக்கி மறந்து போச்சு. அவர் கேட்டது எல்லாரும் சுட்டுக்கொள்ளட்டும் என்பதற்காக இல்லை. ஒரு ஜனத்தையே நம்பத் தகாதவர்கள் என்று சட்டம் போட்டு எழுதி வைத்ததைத்தான் அவரால் ஏற்க முடியவில்லை.

1920-ல் விதிகளைத் திருத்தி வெள்ளையன், கறுப்பன் பேதத்தை எடுத்தார்கள். ஆனாலும் பட்டம், பதவி, பெரிய ஜமீன் என்று இருந்தவர்களுக்கு விலக்கு தொடர்ந்தது. தோல் நிறம் போய் அந்தஸ்து வந்தது, அவ்வளவுதான்.

அதே 1920-ல் எங்கள் பக்கம் என்ன நடந்தது தெரியுமா? குற்றப்பரம்பரைச் சட்டம். எங்க ஊர்ப் பெருசுகள் அதை 'ரேகைச் சட்டம்' என்றுதான் சொல்லும். 1914-ல் மதுரைக்குப் பக்கத்தில் கீழக்குடியில் ஆரம்பித்து, கொஞ்ச வருஷத்தில் பிரமலைக் கள்ளர் சாதி முழுக்கவும் பிறவிக் குற்றவாளி என்று அறிவித்தார்கள். வயசுக்கு வந்த ஆம்பிளை எல்லாம் பத்து விரல் ரேகை வைக்கணும். பட்டியலில் ஏறியவன் ராத்திரியானால் போலீஸ் சொல்கிற இடத்தில் போய்ப் படுக்கணும். ஊர் விட்டு ஊர் போக ராதாரிச் சீட்டு வாங்கணும். 1920 ஏப்ரல் 3-ல் பெருங்காமநல்லூர் ஜனங்கள் ரேகை வைக்க மாட்டோம் என்று நின்றார்கள். போலீஸ் சுட்டது. செத்தவர்களில் மாயக்காள் என்ற பெண்ணும் உண்டு. உசிலம்பட்டி பக்கம் போனால் அந்த ஊரில் நினைவுத் தூண் இருக்கு, பாருங்கள்.

அந்தச் சட்டம் 1947-ல்தான் சென்னை மாகாணத்தில் ஒழிந்தது. எங்கள் தாத்தா ரேகை வைத்தவர். கல்யாணமான புதுசில் ராத்திரி சாப்பிட்டுவிட்டுப் போர்வையைத் தோளில் போட்டுக்கொண்டு சாவடிக்குப் படுக்கப் போனவர். அவர் சாவடியில் படுத்திருந்த ராத்திரிகளில் காட்டில் வெள்ளாமையை யார் காத்தார்கள் என்று யாரும் கேட்டதில்லை.

இப்போது அந்த 1963 தேதியைத் திரும்பப் பாருங்கள். 1959-ல் சுதந்திர இந்தியாவின் நாடாளுமன்றம் புதுசாக ஆயுதச் சட்டம் போட்டது. 1962 அக்டோபர் 1-ல் நடைமுறைக்கு வந்தது. பழைய சட்டம் தேசத்தையே நிராயுதபாணியாக்கப் போட்டது, இனி ஒழுங்காக நடக்கிற குடிமகனுக்குத் தற்காப்புக்கும் பயிர்க் காவலுக்கும் வழி இருக்கணும் என்பதுதான் அதன் நோக்கம். 13-ஆம் பிரிவில் ஒரு வரி இருக்கு: உண்மையாகவே பயிர்ப் பாதுகாப்புக்கு வாய்வழி மருந்து கெட்டிக்கும் துப்பாக்கி கேட்டால், மறுக்கக் காரணம் ஏதும் இல்லாதபோது, லைசென்ஸ் கொடுக்கணும். 'கொடுக்கலாம்' இல்லை, 'கொடுக்கணும்'.

தாத்தா அந்தச் சட்டம் வந்த அடுத்த வருஷமே மனுப் போட்டு வாங்கினார். பதினாறு வருஷத்துக்கு முன்னாடி வரை ரேகை வாங்கிய அதே சர்க்கார், அதே மனுசனிடம் துப்பாக்கியைக் கொடுத்து 'வச்சுக்க' என்று கையெழுத்துப் போட்டிருக்கு. "நம்மளையும் மனுசன்னு எழுதிக் குடுத்திருக்காய்ங்கடா" என்பாராம். அந்த மஞ்சள் துணிக்கு அர்த்தம் இதுதான்.

அந்தத் துப்பாக்கியால் அவர் எதையும் பெரிசாகக் கொன்றதாகக் கதை இல்லை. குண்டு போடாமல் மருந்தை மட்டும் கெட்டித்து வெத்து வேட்டுப் போடுவார். நரி, முயல், பன்னி எல்லாம் ஒரு வாரத்துக்கு எட்டிப் பார்க்காது. தேர்தல் வந்தால் சாக்கில் சுற்றி ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்குவார். முடிந்ததும் போய் எடுத்து வருவார். தாத்தாவுக்கு அப்புறம் அப்பாவும் டிவிஎஸ் ஐம்பதில் வைத்து அப்படியே கொண்டுபோய்க் கொடுத்தார். அந்த ரசீதுகளும் பெட்டியில் இருக்கு.

2018-ல் அப்பா தவறினார். லைசென்ஸ்தாரர் இறந்தால் துப்பாக்கியை வீட்டில் வைத்திருக்கக் கூடாது. பக்கத்து ஸ்டேஷனிலோ லைசென்ஸ் உள்ள துப்பாக்கிக் கடையிலோ ஒப்படைக்கணும். காரியம் முடிந்த கையோடு ஸ்டேஷனில் கொடுத்துவிட்டு, வாரிசு என்ற முறையில் மனுப் போட்டேன். 2016-ல் வந்த புது விதிகளில் அதுக்கு இடம் இருக்கு. லைசென்ஸ்தாரர் இறந்தால் வாரிசு கேட்கலாம். உயிரோடு இருக்கும்போதே எழுபது வயசு ஆனாலோ, இருபத்தஞ்சு வருஷம் துப்பாக்கியை வைத்திருந்தாலோ, தானே ஒரு வாரிசைச் சொல்லிக் கேட்கலாம். அப்பா இருக்கும்போதே இதைச் செய்திருக்கலாம். தெரியாமல் போச்சு.

நகரத்து நண்பர்களுக்காக நடைமுறையைச் சொல்லிவிடுகிறேன். வயசு 21 முடிந்திருக்கணும். மதுரை மாநகர எல்லைக்குள் போலீஸ் கமிஷனர், வெளியே மாவட்ட நிர்வாகம். மனு இப்போது ஆன்லைனில். மருத்துவச் சான்று, துப்பாக்கியைப் பாதுகாப்பாக வைப்பேன் என்ற உறுதிமொழி எல்லாம் கேட்பார்கள். போலீஸ் விசாரணை கட்டாயம். அந்த அறிக்கைக்கு முப்பது நாள், அது வந்த பிறகு உத்தரவுக்கு அறுபது நாள் என்று விதியில் கெடு உண்டு. சரணாலயத்திலிருந்து பத்து கிலோமீட்டருக்குள் வீடு இருந்தால் வனத்துறைத் தலைமை வன உயிரினக் காப்பாளர் சம்மதம் இல்லாமல் புது லைசென்ஸ் கிடையாது. சாப்டூர், பேரையூர்க்காரர்களுக்கு அந்தச் சிக்கல் உண்டு. கிடைத்த லைசென்ஸிலும் எந்த எல்லைக்குள் செல்லும் என்று ஒரு கட்டம் இருக்கும். தோளில் மாட்டிக்கொண்டு கல்யாணத்துக்குப் போக முடியாது. 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருத்தருக்கு இரண்டு துப்பாக்கிதான், லைசென்ஸ் ஐந்து வருஷம் செல்லும்.

எனக்கு வந்தது மறுப்பு. எந்த ஆபீஸ், எந்த அதிகாரி என்பது வேண்டாம். விஷயம் அதில் இல்லை. காரணம் ஒரே வரி: மனுதாரருக்கு 2 ஏக்கர் 40 சென்ட் நிலம் மட்டுமே இருப்பதால் துப்பாக்கியின் அவசியம் ஏற்கத்தக்கதாக இல்லை.

அந்தக் காகிதத்தை மடித்துத் தகரப்பெட்டியில் போட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன். நல்லவேளை, எங்கள் ஊர் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருத்தரிடம் காட்டினேன். கண்ணாடியை ஏற்றி இறக்கிப் படித்தவர் கேட்டார்: "தம்பி, இது எத்தனாந் தேதி கைக்கு வந்துச்சு?"

"பன்னெண்டு நாளாச்சு சார்."

"முப்பது நாள்தான் டயம். நாளைக்கே கெளம்பு."

வக்கீல் ஒருத்தரிடம் போனோம். அவர் சட்டப் புத்தகத்தில் 14-ஆம் பிரிவை எடுத்துக் காட்டினார். லைசென்ஸ் எதற்கெல்லாம் மறுக்கலாம் என்று அதில் வரிசையாக இருக்கு: சட்டப்படி தடை உள்ளவர், மனநலம் சரியில்லாதவர், வேறு காரணத்தால் தகுதியில்லாதவர், பொது அமைதிக்கு ஆபத்து. அதுக்குக் கீழே தனியாக ஒரு வரி. போதிய சொத்து இல்லை என்ற காரணத்துக்காக மட்டும் யாருக்கும் லைசென்ஸ் மறுக்கக் கூடாது.

நான் அந்த வரியை ரெண்டு தடவை படித்தேன். நிறம் பார்த்து, பட்டம் பார்த்து, ஜமீன் பார்த்து, சாதி பார்த்துத் துப்பாக்கியைக் கொடுத்த, பிடுங்கிய அத்தனை வருஷத்துக்கும் அந்த ஒரு வரி பதில் சொல்கிற மாதிரி இருந்தது. அடுத்த உட்பிரிவும் முக்கியம்: மறுத்தால் காரணத்தை எழுத்தில் பதியணும், கேட்டால் கொடுக்கணும், பொதுநலன் கருதிக் கொடுக்கக் கூடாது என்றால் ஒழிய. 18-ஆம் பிரிவு மேல்முறையீடு. தீர்ப்புச் சொல்வதற்கு முன்னால் நம் தரப்பைக் கேட்டே ஆகணும். தமிழ்நாட்டில் மாவட்ட உத்தரவுக்கு மேல்முறையீடு சேப்பாக்கத்தில், வருவாய் நிர்வாக ஆணையரிடம். அதிலும் நியாயம் இல்லை என்றால் ஐகோர்ட்டில் ரிட். 2004-ல் மதுரைக் கிளை வந்ததால் அதுக்கு ஒத்தக்கடை போனால் போதும். முன்னாடி அதுக்கும் சென்னை ரயில்தான்.

ஒன்று சொல்லணும். கோர்ட்டுகள் பொதுவாகத் துப்பாக்கி லைசென்ஸைப் பிறப்புரிமையாகப் பார்ப்பதில்லை, சட்டம் கொடுக்கிற சலுகையாகத்தான் பார்க்கின்றன. அதில் எனக்கு வருத்தம் இல்லை. குடிச்சிட்டு வரப்புத் தகராறு பண்ணுகிற ஊரில் ஆளுக்கொரு துப்பாக்கி இருந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அமெரிக்காவைப் பார்க்கிறோமே. மறுக்கட்டும். ஆனால் சரியான காரணத்தைச் சொல்லி மறுக்கட்டும்.

மேல்முறையீட்டில் நான் ரெண்டு பக்கம்தான் எழுதினேன். 1963 லைசென்ஸ் நகல், ஐம்பத்தஞ்சு வருஷத்தில் ஒரு புகார்கூட இல்லை என்பது, தேர்தல் ரசீதுகள், 14-ஆம் பிரிவின் அந்த வரி. கொரோனா வந்து இழுத்தது. 2021-ல் மறுப்பை ரத்து செய்து, திரும்ப விசாரிக்கச் சொல்லி உத்தரவு வந்தது. 2022-ல் லைசென்ஸ் என் பெயருக்கு வந்தது. அம்மா அந்தப் புது லைசென்ஸையும் மஞ்சள் துணியில்தான் வைத்தார்.

இப்போது நண்பரின் கேள்விக்கு வருகிறேன். துப்பாக்கி இருக்கே, சுட வேண்டியதுதானே?

முடியாது நண்பரே. 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி காட்டுப்பன்னியைச் சுட எனக்கு அதிகாரம் இல்லை. துப்பாக்கி லைசென்ஸ் வேறு, சுடுகிற அனுமதி வேறு. மயிலைப் பற்றிப் பேசவே வேண்டாம், அது முதல் அட்டவணை. கேரளத்தில் 2022-லிருந்து பஞ்சாயத்துத் தலைவர் உத்தரவு போட்டால் லைசென்ஸ் உள்ளவர்கள் பன்னியைச் சுடலாம். நம் மாநிலத்தில் 2025 ஜனவரியில் அறிவித்தபடி, காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டர் வரை சுடக் கூடாது, ஒன்றிலிருந்து மூணு வரை பிடித்துக் காட்டில் விடலாம், மூணுக்கு அப்பால் சுடலாம், அதுவும் வனத்துறை ஆட்கள்தான். பக்கத்துக் குடகில் கதையே வேறு. அங்கே கொடவர்களுக்கு வெள்ளைக்காரன் காலத்திலிருந்து லைசென்ஸே வேண்டாம் என்று விலக்கு, 2029 வரை நீட்டித்திருக்கிறார்கள். ஒரே நாடுதான், ஒரே சட்டம்தான்.

அப்போ இந்தத் துப்பாக்கி எதுக்கு? தாத்தா மாதிரி வெத்து வேட்டுக்கு. அதுவும் இப்போதைய பன்னிக்கு ரெண்டு நாள்தான் பயம். சீமைக்கருவேலங்காட்டில் பகலெல்லாம் படுத்துக் கிடந்துவிட்டு மூணாவது ராத்திரி வந்துவிடும். ஆனாலும் அதைக் கைவிட மாட்டேன். காரணம் இருக்கு. வழி தெரியாத விவசாயி என்ன செய்கிறான் என்று பேப்பரில் படிக்கிறீர்கள்: வேலியில் திருட்டுக் கரண்டு விடுகிறான், அவுட்டுக்காய் வைக்கிறான். அதில் பன்னி சாகுதோ இல்லையோ, ராத்திரி தண்ணி பாய்ச்சப் போன பக்கத்துக் காட்டுக்காரன் செத்துப்போகிறான். கேஸ் எழுதுகிற லைசென்ஸ் துப்பாக்கிக்கு ஒரு நம்பர் இருக்கு, ஒரு பெயர் இருக்கு, கேட்டால் பதில் சொல்ல ஆள் இருக்கு. கரண்டுக் கம்பிக்கு அது கிடையாது.

1801-ல் ஆயுதத்தைக் கீழே போடு, நான் காப்பாற்றுகிறேன் என்று ஒருத்தன் சொன்னான். அன்றைக்கிருந்து எங்கள் கேள்வி ஒன்றுதான். சரி, போட்டுட்டோம், வெள்ளாமையை யார் காப்பது? பன்னியைக் கொல்லத்தான் வேணும் என்று நான் அடம்பிடிக்கவில்லை. வனத்துறையே வரட்டும், சுடட்டும், பிடிக்கட்டும், நஷ்டத்துக்கு நேரத்தில் பணம் கொடுக்கட்டும். எதையாவது ஒழுங்காகச் செய்யட்டும்.

என் லைசென்ஸ் 2027-ல் புதுப்பிக்கணும். பையன் மதுரையில் வேலை பார்க்கிறான், காட்டுக்கு வருவானா தெரியாது. போன வாரம் வந்தவனிடம் தகரப்பெட்டியைத் திறந்து ரெண்டு லைசென்ஸையும் காட்டினேன். புரட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டான்: "ஏம்ப்பா, தாத்தாவோட லைசென்ஸ்ல கையெழுத்து இருக்கு. அதுக்குக் கீழ எதுக்கு ரேகையும் வச்சிருக்காரு?"

நானும் அப்போதுதான் கவனித்தேன். கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்ட பிறகும் தாத்தா அதன் கீழே கட்டைவிரலை அழுத்தி வைத்திருந்தார். யாராவது கேட்டு வைத்தாரா, பழக்கத்தில் வைத்தாரா, இல்லை வேண்டுமென்றே வைத்தாரா, இனிமேல் யாரிடம் கேட்பது?

இன்றைக்கு ராத்திரி எனக்குக் காவல் முறை. டார்ச்சுக்கு பேட்டரி போட்டாச்சு. மிச்சம் இருக்கிற கடலையைப் பிடுங்கினதும் எவ்வளவு மூட்டை தேறியது என்று எழுதுகிறேன்.